மன்னருக்கு வாழ்த்து அட்டை: பெற்றோர்களுக்குக் கடிதம்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸ் பிறந்ததும் அதே தேதியில்தான், 1948இல். வகுப்பில் இதைச் சொன்னதும், "அப்போ அவருக்கும் வாழ்த்து அனுப்பலாமா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். சரி, அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

"நம்மை ஆண்ட நாட்டு ராஜாவுக்கு எதற்கு வாழ்த்து?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. யாருக்கும் பணிவு காட்டுவதற்காக இதைச் செய்யவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் ஊரைப் பற்றிச் சொந்தக் கையால் எழுதப் பிள்ளைகள் பழக வேண்டும். நாமெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கிப் பொங்கல் வாழ்த்து வாங்கி அனுப்பியவர்கள். இவர்களுக்குத் தெரிந்தது வாட்ஸப் மட்டும்தான். சார்லஸ் வேண்டாமென்றால் பூட்டான் மன்னருக்கு எழுதட்டும், அவர் பிறந்தநாள் பிப்ரவரி 21. ஜப்பான் பேரரசர் நருஹிதோவுக்கு பிப்ரவரி 23. ராஜாவே வேண்டாம், பொள்ளாச்சி அம்மிச்சிக்குத்தான் எழுதுவேன் என்றாலும் எனக்குச் சந்தோஷமே.

தயவுசெய்து கடையில் அச்சடித்த அட்டை வாங்கித் தராதீர்கள். நீங்களும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு பையன் பனைமரம் வரைந்துவிட்டு, நுங்கு என்றால் என்ன என்று மன்னருக்கு விளக்க முடியாமல் அழித்து அழித்து எழுதினான். கடைசியில், "உள்ளே தண்ணி இருக்கும், பெருவிரலை விட்டு உறிஞ்சணும்" என்று முடித்திருக்கிறான். இப்படிப்பட்ட வரிகளைத் திருத்தவே கூடாது. தமிழில் எழுதட்டும், கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத நாங்கள் உதவுகிறோம். 'யுவர் மெஜஸ்டி' என்று தொடங்குவது வழக்கம், கட்டாயமில்லை.

உறைமேல் அனுப்புநர் முகவரியாகப் பள்ளி முகவரி மட்டும் போதும். வீட்டு முகவரி, போன் நம்பர், பிள்ளையின் போட்டோ எதுவும் வேண்டாம். ஜிகினாத் தூள், மிட்டாய், காசு வைக்க வேண்டாம். எந்த உதவியும் கேட்டு எழுத வேண்டாம். பக்கிங்ஹாம் அரண்மனை முகவரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். நாட்டின் பெயர் கடைசி வரியில், பெரிய எழுத்தில் வர வேண்டும். தபால் செலவு பள்ளியுடையது. பிள்ளைகளைத் தபால் ஆபீசுக்கு நாங்களே கூட்டிப்போய், எடை போட்டு, ஸ்டாம்ப் ஒட்டவைப்போம்.

பதில் வரும் என்று மட்டும் வீட்டில் ஆசை காட்டிவிடாதீர்கள். வந்தால் பெரும்பாலும் அரண்மனை அலுவலகம் அனுப்பும் அச்சடித்த நன்றி அட்டையாக இருக்கும், அதுவும் மாதக்கணக்கில் ஆகலாம். வராமலும் போகலாம். எது வந்தாலும் அசெம்பிளியில் எல்லோருக்கும் காட்டுவோம்.

சார்லஸுக்கான அட்டைகள் அக்டோபர் 20க்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேரட்டும். மற்ற அட்டைகளுக்கு ஜனவரி வரை நேரம் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்