மூன்றாம் வசனத்தையும் வாசியுங்கள், ஐயா

சேகரக் குருவானவர்களுக்கும் உபதேசியார்மாருக்கும் ஓய்வுநாள் பள்ளி டீச்சர்மாருக்கும் தோத்திரம்.

சண்டை போட இதை எழுதவில்லை. எனக்கு ஞானஸ்நானம் இந்தச் சபையில்தான். கல்யாணமும் இங்கேதான். ஒவ்வொரு வருஷமும் அசன விருந்துக்குக் கத்திரிக்காய் நறுக்க உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் அவளுக்குக் கொடுத்த மனப்பாட வசனம் 1 சாமுவேல் 15:22. பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று நம் பிரசங்கங்களில் அடிக்கடி வருமே, அதுதான். பிள்ளை அந்த ஒரு வசனத்தோடு நிற்காமல் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துவிட்டாள். மூன்றாம் வசனத்தில் நின்றுவிட்டாள். அமலேக்கியர் என்ற இனத்தாரில் ஆண், பெண், பிள்ளைகள், கைக்குழந்தைகள், ஆடுமாடு வரை ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று இஸ்ரவேலின் ராஜா சவுலுக்கு ஆண்டவருடைய கட்டளை. சவுல் அவர்களுடைய ராஜாவையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டான். அதற்காகத்தான் தீர்க்கதரிசி சாமுவேல் அவனிடம் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுகிறார். அப்படியானால் நாம் மனப்பாடம் செய்யச் சொல்கிற கீழ்ப்படிதல் எந்தக் கட்டளைக்கு?

"குழந்தைங்க என்ன பாவம் செஞ்சாங்க, டீச்சர்?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். "இந்த மாதிரி யோசனையெல்லாம் பிசாசு கொண்டுவர்றது. ஜெபம் பண்ணு, போயிரும்" என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அவள் கேட்பதில்லை. வகுப்புக்குப் போகிறாள், வசனம் சொல்கிறாள், பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்கூட வாங்கி வந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

டீச்சரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாற்பது வருஷமாக ஆலயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டாம் வசனத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. மூன்றாம் வசனத்தில் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

இது பிசாசு நேற்றுக் கொண்டுவந்த கேள்வியும் அல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே மார்சியன் என்பவர் இப்படிப்பட்ட பகுதிகளைக் காட்டி, பழைய ஏற்பாடே நமக்கு வேண்டாம், அந்தக் கடவுள் வேறு என்றார். ரோமாபுரிச் சபை அவரைத்தான் விலக்கியது, புத்தகத்தை விலக்கவில்லை. அடுத்து வந்த வேத அறிஞர் ஓரிகன், அந்த யுத்தங்களை மனுஷனுக்குள் இருக்கிற பாவத்தோடு நடக்கும் யுத்தமாக வாசித்தார். அந்தக் காலத்து ராஜாக்கள் "ஒருத்தரையும் விடவில்லை" என்று பெருமையடிப்பது வழக்கம், அந்த நடையில் எழுதியது இது என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அதற்கு வேதத்துக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. பூண்டோடு அழிந்ததாகச் சொல்லப்பட்ட அமலேக்கியர் அதே புத்தகத்தில் முப்பதாம் அதிகாரத்தில் திரும்பி வந்து சிக்லாகு என்ற ஊரைத் தீக்கொளுத்துகிறார்கள்.

இவற்றில் எதுவும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஓரிகன் சொல்வது அழகுதான், ஆனால் அந்தக் கைக்குழந்தை அங்கேயேதான் கிடக்கிறது. இருந்தாலும் இப்படி யோசித்தவர்கள் சபைக்குள்ளேயே இருந்தார்கள் என்று தெரிந்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன்னைப் பிசாசு பிடித்துவிட்டதோ என்று பயப்பட மாட்டாள் அல்லவா?

பதில் இல்லாத இடத்தில் பதிலைத் திணித்தால் என்ன ஆகும் என்று சுனாமி சமயத்தில் பார்த்தேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் குமரிக் கடற்கரையில் செத்தவர்களில் எத்தனையோ பேர் முந்தின நாள்தான் பாலன் பிறப்பைக் கொண்டாடியவர்கள். அடுத்த சில வாரங்களில், இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அதே மேடையில், தப்பியவர் ஒருவர் ஆண்டவர் எங்களைக் காத்தார் என்று சாட்சி சொன்னார். அவருடைய நன்றி நியாயமானதுதான். எனக்கு முன்வரிசையில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் கோபப்படுவது அவர்கள்மேல்தான், கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்கான வகுப்பில் ஒரு வாரத்தைக் கேள்விகளுக்கென்று ஒதுக்குங்கள். பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் போடட்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு "எனக்கும் தெரியல, மக்கா" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் உங்களைக் கேவலமாக நினைக்க மாட்டார்கள்.

மகளுக்கு அடுத்த மாதம் திடப்படுத்தல். எல்லார் முன்னாலும் நின்று "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை ராத்திரி, "அப்பா, அந்த மூணாம் வசனத்தையும் சேர்த்தா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, நம் சபை ஐயரிடம் கேட்போம் என்றேன். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் ஒரு தகப்பன்