ஜெரெஷ்க் பெட்டியில் வருஷத்தைப் போடுங்கள்: தென் கொராசான் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஈரானின் காயென், பிர்ஜந்த் வட்டாரத்தில் ஜெரெஷ்க் என்னும் புளிப்புப் பழத்தை உலர்த்தி, பெட்டி கட்டி, கடல் தாண்டி அனுப்பும் பெரியோர்களுக்கு,

வணக்கம். துபாய் தேராவில் ஓர் உலர்பழக் கடையில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஊர் ராமநாதபுரம் பக்கம். எனக்குத் தெரிந்த பார்சி விலை சொல்லவும் பேரம் பேசவும் காணும், கடிதம் எழுதக் காணாது. அதனால் தமிழில் எழுதுகிறேன். பக்கத்துக் கடை ஈரானிய நண்பர் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நடுவில் தமிழர்கள் படித்தாலும் நல்லதுதான், அவர்களிலும் இப்போது ஜெரெஷ்க் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன ஜூலையில் ஒரு பத்து கிலோ அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். மேல் அடுக்கு கண்ணைப் பறிக்கும் சிவப்பு. கையை உள்ளே விட்டுக் கிளறினால் அடியில் பழம்புளி மாதிரி கருத்து, உருண்டை உருண்டையாக ஒட்டிக் கிடக்கிறது. ஒரு பிடியை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். நல்ல சரக்கு தண்ணீருக்கு நிறம் கொடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், அதுவும் வெளிர்ச் சிவப்புதான். இது போட்ட கையோடு ரோஸ்மில்க் கலராகிவிட்டது, சாயம் ஏற்றிய அடையாளம். ஆய்வகச் சோதனை என்று சொல்ல மாட்டேன், எங்கள் கடைச் சோதனை. ஆனால் பதினோரு வருஷத்துக் கண் பெரும்பாலும் ஏமாறாது.

பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தது? கம்பெனி பெயர், எடை, ஈரான் தயாரிப்பு, அப்புறம் பேக்கிங் தேதி. மே மாதம். மே மாதத்தில் எந்தச் செடியில் பழம் இருக்கிறது? அது போன இலையுதிர்காலச் சரக்காகவும் இருக்கலாம், அதற்கு முந்தைய வருஷத்து மிச்சமாகவும் இருக்கலாம். பேக்கிங் தேதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கேட்பது இரண்டே விஷயம். பெட்டியில் அறுவடை வருஷத்தைப் போடுங்கள். பஃபகியா அனாரியா என்று, அதாவது இரண்டு ரகத்தில் எது என்று போடுங்கள்.

தமிழ் வாசகர்களுக்காக ஒரு நிமிஷம். ஜெரெஷ்க் என்பது பார்பெரி. முள்செடி, ஒவ்வொரு கணுவிலும் மூன்றாகப் பிரியும் முள். களாக்காயை நினைத்துக்கொள்ளுங்கள், அதைச் சுருக்கி ஒரு சென்டிமீட்டர் நீளமாக்கி, புளிப்பை அப்படியே வைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். நீலகிரியில் ஊசிக்கலா என்று ஒரு புதர் உண்டே, அது இதற்குப் பங்காளி. காயென் செடியின் தனித்தன்மை, பழத்தில் விதை கிடையாது. விதை இல்லாததால் வேரடியில் கிளம்பும் கன்றைப் பிரித்துத்தான் நடுகிறார்கள். குங்குமப்பூவுக்குப் பெயர்போன அதே வறண்ட மண்ணில், 10,000 ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி இனத்தைக் கண்டாலே கோதுமை விவசாயிகளுக்கு ஆகாது. தண்டுத் துரு நோய்க்கு அது இடம் கொடுக்கிறது என்று 1918இலிருந்து அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பிடுங்கிப் போட்டார்கள். உலகம் பிடுங்கிப் போட்ட குடும்பத்துச் செடியை வைத்து ஒரு மாகாணமே சோறு தின்கிறது!

சரி, பெரியவர்களே, உங்களிடம் வருகிறேன்.

உங்கள் தொழில் எனக்குத் தூரத்திலிருந்துதான் தெரியும். சரக்கோடு வருகிறவர்கள் சொல்லிக் கேட்டது. மெஹர், ஆபான் மாதங்களில், அதாவது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை அறுவடை. முள்ளுக்குப் பயந்து கையால் பறிப்பது மெதுவாக நடக்கும், கூலி கட்டாது. அதனால் சிலர் கிளையைக் குச்சியால் அடித்து உதிர்க்கிறார்கள், பழம் நசுங்கும். சிலர் பழத்தோடு கிளையையே வெட்டி, காற்றோட்டமான கொட்டகையில் நிழலில் தொங்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் காய்ந்து, உப்பி, லேசாகி வருவதுதான் பஃபகி. பார்வைக்கு ராஜா அதுதான். ஆனால் பழுத்த கிளையை வெட்டினால் அடுத்த வருஷத்துக் காய்ப்பையும் சேர்த்து வெட்டுகிறோம் என்று ஒரு விவசாயி என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அனாரி வேறு ரகம். மாதுளை முத்து மாதிரி கனமாக, ஈரம் கொஞ்சம் மிச்சமிருக்கும், நிறம் அடர்த்தி. என்னைக் கேட்டால் சமையலுக்கு அனாரிதான். ஒரு கிலோ காய்ந்த பழத்துக்கு மூன்று, நாலு கிலோ பச்சைப் பழம் போகிறது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த சரக்கை எதற்காகப் பெயரில்லாத பெட்டியில் அனுப்புகிறீர்கள்?

எங்கள் கடைக்கு ஹாஜ் கானும் என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் ஓர் ஈரானியப் பாட்டி வருவார், வயது எழுபதுக்கு மேல். விலை கேட்பதற்கு முன்பே நாலு பழத்தை எடுத்து விரலால் நசுக்குவார், ஒன்றைக் கடிப்பார். பிடிக்கவில்லை என்றால் "கோஹ்னே" என்று ஒரே சொல். பழசு. அவருக்குப் பெட்டியில் எதுவும் எழுத வேண்டாம். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஹாஜ் கானும் இல்லையே. யூடியூப் பார்த்து ஜெரெஷ்க் போலோ என்னும் ஈரானியச் சோறு செய்ய வரும் திருநெல்வேலிப் பெண்ணுக்குக் கருஞ்சிவப்பு நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்? அனாரியின் அடர்நிறத்தையும் பழசின் கருமையையும் ஒன்றாக நினைத்து, சாயம் ஏறிய பளபளப்பைத் தேர்ந்தெடுத்துப் போகிறார். (கசக்கிறது என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. நெய்யில் ஒரு நிமிஷத்துக்கு மேல் விட்டால் கருகிக் கசக்கும். அந்தப் பழி உங்களுக்கு வேண்டாம்.)

சாயம் போடுகிறவர்கள் நீங்கள்தான் என்று சொல்ல வரவில்லை. வழியில் எத்தனையோ கை. இங்கேயே பெட்டியைப் பிரித்து, வேறு பையில் போட்டு, வேறு லேபிள் ஒட்டுகிற இடங்கள் உண்டு. உங்கள் குங்குமப்பூ இன்னொரு நாட்டின் டப்பாவில் ஏறி அவர்கள் பெயரில் விற்கும் கதை உங்களுக்குத் தெரியாததா? வருஷமும் ரகமும் இல்லாத மொத்தச் சரக்கு என்றால், பழசையும் புதுசையும் கலக்கிறவனுக்குத்தான் கொண்டாட்டம். பழம் நிறம் மாறுவது இயற்கை. குளிர் அறையில் வைத்தால் சிவப்பு தாங்கும், துபாய்க் கோடையில் வெளியே வைத்தால் சில மாதத்தில் கருக்கும். வருஷம் போட்டிருந்தால், கருத்தது பழசினாலா, நாங்கள் வெயிலில் வைத்ததாலா என்று பேசவாவது முடியும். இப்போது நீங்கள் எங்களைச் சொல்கிறீர்கள், நாங்கள் உங்களைச் சொல்கிறோம்.

2018 நவம்பரில் அமெரிக்கத் தடை திரும்ப வந்ததிலிருந்து பணம் அனுப்புவதும் வாங்குவதும் எவ்வளவு பெரிய பாடு என்று நானும் பார்க்கிறேன். வங்கி, கப்பல், டாலர் விலை, எதுவும் உங்கள் கையில் இல்லை. அதையெல்லாம் சரிசெய்யச் சொல்லி உங்களுக்கு எழுதினால் நான் பைத்தியக்காரன். ரப்பர் ஸ்டாம்ப் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் ஈரானிய நாட்காட்டிக் கணக்கில் 1403 என்று போட்டாலும் போதும். 621 கூட்டினால் அந்த அறுவடையின் ஆங்கில வருஷம் வந்துவிடும் என்று கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

விலை ஏறுமோ என்று எங்கள் முதலாளி பயப்படுகிறார். புது வருஷச் சரக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்பீர்கள், கேளுங்கள். பழசைப் பழசு என்று எழுதிக் குறைத்துக் கொடுத்தால் அதையும் வாங்க ஆள் இருக்கிறது, சர்பத்துக்கும் ஜாமுக்கும் நிறம் யார் பார்க்கிறார்கள்?

வரும் அறுவடையில் வருஷம் அச்சிட்ட முதல் பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தாலும் எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். அதற்கென்று குளிர்பெட்டியில் கீழ்த் தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தேரா உலர்பழக் கடை ஊழியன் ஒருவன்