ஷாங்காய் வேண்டாம், மீனா

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய சீனா டூர் பேக்கேஜ் எல்லாவற்றையும் அப்பா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வரி வரியாகப் பார்த்தோம். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே லிஃப்டில் ஏறிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

நீங்கள் இருவரும் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்றதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த விலை கூடிய பேக்கேஜ் வேண்டாம். எட்டு நாளில் பெய்ஜிங், சியான், சூசோ, ஹாங்சோ, ஷாங்காய் என்று ஐந்து ஊர் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் என்பது ராத்திரி போய் இறங்குவது. கடைசி நாள் என்பது காலை டிபன் முடிந்ததும் ஏர்போர்ட். நடுவில் இருப்பது ஆறு நாள், அதிலும் பாதி பஸ்ஸிலும் ரயிலிலும் போய்விடும். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் காட்டுகிற பஸ் மாதிரிதான் இது. சாமி முகம் ஞாபகம் இருக்காது, செருப்பு விட்ட இடம்தான் ஞாபகம் இருக்கும்.

இன்னொன்று, பாதி விலையில் இருப்பது, அதைவிட மோசம். பட்டு மையம், பச்சைக்கல் மையம், தேயிலை மையம், லேடக்ஸ் மெத்தை மையம் என்று தினமும் ஒன்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அந்த மையங்கள் எல்லாம் கடைகள். டூர் விலையில் விட்டதைக் கடைக் கமிஷனில் பிடிப்பார்கள். சீனாவிலேயே இது பெரிய தலைவலியாகி, 2013 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள அவர்களுடைய சுற்றுலாச் சட்டம், அடிமாட்டு விலைக்கு ஆள் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போய் லாபம் பார்க்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. ஆனாலும் நம் கையில் இருக்கிற தாளில் நான்கு மையம் இருக்கிறதே! காசி யாத்திரை போனபோது எங்கள் டூர்க்காரர் நெசவுக்கூடம் காட்டுகிறேன் என்று ஒரு புடவைக் கடையில் அரை நாள் உட்கார வைத்தார். விசாலாட்சியைப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நாங்கள் யோசித்ததைச் சொல்கிறேன். கைடையோ ஓட்டலையோ குறைத்துச் செலவை இறக்க வேண்டாம், ஊரைக் குறைக்கலாம். ஒரு ஊர் குறைந்தால் ஒரு ரயில் டிக்கெட், ஒரு ஏர்போர்ட் வண்டி, பெட்டி கட்டி அவிழ்க்கிற ஒரு நாள் எல்லாம் மிச்சம். அந்தப் பணத்தில் நன்றாக ஆங்கிலம் பேசுகிற, ஊர் வரலாறு தெரிந்த உள்ளூர் கைடை வைத்துக்கொள்ளலாம். ஷாங்காய் வேண்டாம். உயரக் கட்டடமும் ஆற்றங்கரை விளக்கும் உன் சிங்கப்பூரில் பார்த்தாயிற்று. பெய்ஜிங், சியான், அப்புறம் ஃபூஜியன் மாகாணத்தில் குவான்சோ. மூன்றே ஊர்.

பெய்ஜிங் அப்பாவுக்காக. பெருஞ்சுவரைப் பார்க்காமல் சீனா போனேன் என்று வாக்கிங் நண்பர்களிடம் சொல்ல முடியாதாம். அவருடைய முழங்காலுக்கு முதியான்யூ பகுதிதான் சரி. மேலே போக கேபிள் கார் இருக்கிறது, சுவரின் இன்னொரு பகுதியான பாதாலிங் அளவுக்குக் கூட்டமும் இருக்காது. பெய்ஜிங்கில் இருக்கிற பழைய பேரரசர் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். டிக்கெட் ஏழு நாள் முன்னால்தான் திறக்கும், பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிய வேண்டும், வாசலில் போய் வாங்க முடியாது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், நவம்பரிலிருந்து 40. நம் பணத்தில் ஒரு யுவான் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள். இப்படிப்பட்ட இடத்தில்தான் கைடு வேண்டும். பெரிய மண்டபத்தின் கூரை முனையில் வரிசையாகப் பத்து மிருக பொம்மை உட்கார்ந்திருக்கும். பேரரசர் கொலுவீற்ற மண்டபம் என்பதால் அதற்கு மட்டும்தான் பத்து, மற்றக் கட்டடங்களுக்கு அந்தஸ்துக்கு ஏற்றபடி குறைவு. யாராவது கை நீட்டிக் காட்டாவிட்டால் கூரை மஞ்சளாக இருந்தது என்று திரும்பி வருவோம்.

சியானுக்கு விரைவு ரயில். சுமார் 1200 கிலோமீட்டரை ஐந்து மணி நேரம் சொச்சத்தில் போய்விடுகிறது, பகலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பெட்டியிலும் வெந்நீர்க் குழாய் உண்டாம். இன்ஸ்டன்ட் காபித் தூளும் ஃபிளாஸ்கும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். சுட்டமண் படைவீரர்களை நீயே படித்திருப்பாய்: 1974-ல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்தது, அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எனக்கு அந்த ஊரில் பார்க்க வேண்டியது பெரிய காட்டுவாத்துக் கோபுரம். நம் பாடப் புத்தகத்தில் வருகிற யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளை வைப்பதற்காக 652-ல் எழுப்பியது. அவர் காஞ்சிபுரம் வரை வந்து அதைப் பற்றி எழுதியும் வைத்திருக்கிறார். நாம் காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறோம். அந்த மனுஷர் படிப்புக்காகப் பாலைவனம் தாண்டி வந்திருக்கிறார்!

இனி குவான்சோ. நீ அனுப்பிய எந்தப் பேக்கேஜிலும் இந்த ஊர் இல்லை. போன தடவை சிங்கப்பூர் வந்தபோது தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் நாகூர் தர்கா, அதே வரிசையில் கொஞ்சம் தள்ளி தியான் ஹோக் கெங் கோயில். அந்தக் கோயிலைக் கட்டிய ஹொக்கியன்காரர்களின் பூர்வீகம் ஃபூஜியன்தான். கடல் தாயம்மாவான மாசுவுக்குக் கட்டியது. அவளுக்கு குவான்சோவிலும் பழைய கோயில் உண்டு.

சோழர் காலத்திலிருந்தே நம் வணிகர்கள் சீனக் கரைக்குப் போய் வந்திருக்கிறார்கள். குவான்சோவில் அவர்கள் ஒரு சிவன் கோயிலே கட்டியிருந்தார்கள். 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. கோயில் இன்று இல்லை, இடிந்து கல்லெல்லாம் சிதறிவிட்டது. சில கற்கள் கையுவான் என்ற புத்தர் கோயிலில் சேர்ந்துவிட்டன. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு தூண். அதில் வட்டம் வட்டமாக நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். சீன ஓட்டுக் கூரைக்குக் கீழே, புத்தர் சந்நிதிக்குப் பின்னால்! வேறு சில கற்கள் கடல்வணிக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் ஒன்றின் படத்தை அப்பா டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டினார். நடுவில் லிங்கம், பக்கத்தில் யானை, தும்பிக்கையில் பூ. நாம் வாரம் தவறாமல் கும்பிடப் போகிற திருவானைக்கா கதைதான். ஆனால் யானையையும் சுற்றியுள்ள கொடி வேலைப்பாட்டையும் பார்த்தால் உளி பிடித்தது உள்ளூர்ச் சிற்பி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரோ ஒரு வணிகர் பக்கத்தில் நின்று வாயால் கதை சொல்ல, அந்த ஆள் தன் கைக்கு வந்தபடி செதுக்கியிருக்க வேண்டும். இதை நேரில் பார்க்காமல் நான் ஷாங்காயில் ஷாப்பிங் மால் பார்க்கவா?

அந்தக் கையுவான் கோயில் வளாகத்திலேயே ஒரு பழைய மரக்கப்பலையும் வைத்திருக்கிறார்கள். சோங் வம்ச அரசர்கள் காலத்தின் கடைசியில் மூழ்கியது, குவான்சோ விரிகுடாச் சேற்றிலிருந்து எடுத்தார்கள், அதுவும் 1974-ல்தான். உள்ளே வாசனை மரமும் மிளகும் இருந்தனவாம். 2021-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் நம் டூர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. பெய்ஜிங்கைவிட ஓட்டல் வாடகையும் குறைவு என்று அப்பா தேடிப் பார்த்துச் சொல்கிறார். சியானிலிருந்து சியாமெனுக்கு விமானம், அங்கிருந்து குவான்சோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்.

சாப்பாடு பற்றி நீ கவலைப்படுகிறாய் என்று தெரியும். மூன்று வேளையும் தென்னிந்திய சைவ உணவு, கூடவே நம்மூர்ச் சமையல்காரர் என்று அந்தப் பெரிய பேக்கேஜில் போட்டிருக்கிறதே, விலையில் ஒரு பகுதி அதற்குத்தான். சீனா வரை போய் ரவா உப்புமா சாப்பிட எனக்கு விருப்பமில்லை. புத்தர் கோயில்களைச் சுற்றிச் சைவச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சியாமெனில் நான்புதுவோ கோயிலின் சைவச் சாப்பாடு பேர்போனது. சியானில் லியாங்பி என்று குளிர்ந்த நூடுல்ஸ், மிளகாய் எண்ணெயும் வினிகரும் போட்டுத் தருவார்கள், நம் நாக்குக்கு ஒத்துவரும். மற்ற இடங்களில்தான் ஜாக்கிரதை: காய்கறிப் பொரியலையே பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், டோஃபுவின் மேல் கொத்துக்கறி தூவுவார்கள். உன் ஆபீஸ் சீனத் தோழியிடம் சொல்லி, "கறி, மீன், இறால், சிப்பிச் சாறு, விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம்" என்று சீன எழுத்தில் ஒரு அட்டை எழுதி வாங்கி வை. ஐந்தையும் தனித்தனியாக எழுத வேண்டும், சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. அப்பாவுக்கு அட்டை எதுவும் வேண்டாம், அவர் எதையும் சாப்பிடுவார். பருப்புப் பொடியும் தக்காளித் தொக்கும் அவசரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

எப்போது போவது? அக்டோபர் முதல் வாரம் கூடவே கூடாது. அவர்களுடைய தேசிய விடுமுறை, நாடே ரயிலில் இருக்கும், ஓட்டல் விலை ஏறிவிடும். அக்டோபர் கடைசியில் கிளம்பி நவம்பர் முதல் வாரத்தில் திரும்பலாம். பெய்ஜிங்கில் ஸ்வெட்டர் வேண்டும், குவான்சோவில் வேண்டியிருக்காது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருப்பதால் உன் வீட்டில் இறங்கி, அங்கிருந்து பெய்ஜிங் போய், சியாமெனிலிருந்து திரும்ப உன் வீட்டுக்கே வந்துவிடலாம். பேரனையும் இரண்டு தடவை பார்த்த மாதிரி இருக்கும். மாப்பிள்ளை சிங்கப்பூர் பாஸ்போர்ட், அவருக்கு முப்பது நாள் வரை விசா தேவையில்லை. நமக்கு வேண்டும், எங்களுடையதை இங்கே ஒரு ஏஜென்ட் மூலம் போடுகிறோம்.

போன் விஷயத்தை நீதான் பார்க்க வேண்டும். வாட்ஸப்பும் கூகுளும் அங்கே எடுக்காது. வெளிநாட்டு ரோமிங் சிம் இருந்தால் வேலை செய்யும் என்கிறார்கள், அதனால் சிங்கப்பூரிலேயே அப்படி ஒன்று வாங்கி வை. கடைகளில் எல்லாம் போனில்தான் பணம். அலிபே என்ற பணம் கட்டுகிற ஆப்பில் வெளிநாட்டு விசா, மாஸ்டர் கார்டு இணைக்கலாம், 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கொடுத்தால் மூன்று சதவீதம் கூடுதல் பிடிப்பார்கள். இதை அப்பாவுக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடு. எனக்கு வேண்டாம், நான் அவர் பின்னால் நடந்துகொள்கிறேன்.

டூர் ஏஜென்டிடம் நீ கேட்க வேண்டியது: இந்த மூன்று ஊருக்கு மட்டும் ஒவ்வொரு ஊரிலும் அரசு அடையாள அட்டை உள்ள உள்ளூர் கைடு, வண்டி, ஓட்டல் என்று பிரித்து விலை தருவாரா? கடை நிறுத்தம் ஒன்றுகூட இல்லை என்று எழுதித் தருவாரா? நுழைவுக் கட்டணமும் கேபிள் காரும் டிப்ஸும் விலைக்குள்ளே சேர்ந்ததா, வெளியேயா? "பார்வையிடல்" என்று போட்ட இடத்தில் உள்ளே போவோமா, வாசலில் நின்று போட்டோ எடுப்பதோடு சரியா? பாஸ்போர்ட்டில் அறுபது தாண்டியவர்களுக்கு எங்கெங்கே கட்டணம் குறைவு? ஜிஎஸ்டியும், டூர்க்காரர் முன்கூட்டியே பிடிக்கிற வரியான டிசிஎஸ்ஸும் சேர்த்த தொகையைச் சொல்லச் சொல். அந்த டிசிஎஸ் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம், அப்பாவே பார்த்துக்கொள்வார். பேச்சில் "எல்லாம் இன்க்ளூடட் மேடம்" என்பார்கள், அதைக் கேட்டுக்கொள்ளாதே, மெயிலில் வாங்கு.

நீயும் மாப்பிள்ளையும் லீவு போட முடிந்தால் சியாமெனுக்கு வந்துவிடுங்கள். குவான்சோவை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம், கைடு, வண்டிச் செலவும் பங்கு பிரியும். உன் விசாவுக்கு இப்போதே ஏற்பாடு செய். விசா போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். நேற்று எடுத்ததில் அப்பாவின் ஒரு காது மறைந்துவிட்டது என்று ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிட்டார், மறுபடி எடுக்க ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் இதை முடித்து அனுப்பிவிடுகிறேன், இல்லையென்றால் ஷாங்காயையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று திரும்ப ஆரம்பிப்பார்.

அன்புடன்,
அம்மா