சர்க்கரை திண்மமா, திரவமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், திண்மத்துக்கு நிலையான வடிவமும் கன அளவும் உண்டு, திரவத்துக்குக் கன அளவு மட்டுமே உண்டு, வாயுவுக்கு இரண்டுமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால், இதே வரிகளை மனப்பாடம் செய்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி, எந்த டப்பாவில் கொட்டினாலும் சர்க்கரை அதன் வடிவத்துக்கு வந்துவிடுகிறதே, அப்படியானால் அது திரவமா என்று வகுப்பில் கேட்டபோது, புத்தகத்தில் இருப்பதைப் படித்தால் போதும் என்று உட்கார வைத்துவிட்டார்களாம். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த எனக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஒரு தட்டில் சர்க்கரையையும் இன்னொன்றில் நல்லெண்ணெயையும் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். சர்க்கரை குவிந்து நின்றது. எண்ணெய் தானாகப் பரவி மட்டமானது. பிறகு பூதக்கண்ணாடி வழியே பார்த்தவள், ஒவ்வொரு சர்க்கரை மணியும் தன் விளிம்பும் மூலையும் மாறாமல் இருப்பதைத் தானே கண்டு சொன்னாள். டப்பாவின் வடிவத்தை ஏற்பது குவியல்தானே தவிர, மணி அன்று. அரிசி டப்பாவைக் குலுக்கினால் மட்டம் இறங்குவதும், மணிகளுக்கு இடையில் இருந்த காற்று இடைவெளி குறைவதால்தான். அரிசியின் கன அளவு அப்படியேதான் இருக்கிறது.

தில்லிக் குளிரில் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடப்பதையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது கட்டியாகிறது. பாட்டிலைச் சாய்த்தாலும் நகராது. உறையும்போது கன அளவு சுருங்குவதால் மேற்பரப்பு நடுவில் சற்றே குழிந்திருக்கும். தண்ணீரோ, இதற்கு மாறாக, உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருக்கிறது. நிரம்பிய கண்ணாடி பாட்டில் ஃப்ரீஸரில் வெடிப்பது அதனால்தான்.

வாயுவைப் பற்றிய வரி உயிர் காக்கும் பாடமும்கூட. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக அடங்கியிருப்பது, கசிந்து வெளியே வந்தால் ஏறக்குறைய 250 மடங்கு கன அளவுக்கு விரிந்துவிடும். காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தேங்கவும் செய்யும். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவு, ஜன்னல்களைத் திறக்கச் சொல்வதன் காரணம் அப்போது குழந்தைக்கும் விளங்கும்.

ஆகவே, மாணவர் பகுதியில் வரையறைகளோடு இத்தகைய வீட்டுச் சோதனை ஒன்றையும் வாரந்தோறும் சேர்த்து வெளியிடுமாறும், அவற்றுள் முதலாவதாக அந்தச் சிறுமியின் சர்க்கரைக் கேள்வியை எடுத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி