ஷேர் கன்டெய்னர்: விலைச்சீட்டில் வராத பாதிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா, வளைகுடா, சிங்கப்பூர் எனப் பல இடங்களிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமான்களை பலருடைய சாமான் ஒரே கன்டெய்னரில் போகும் 'ஷேர் கன்டெய்னர்' என்ற பங்கு முறையில் கப்பலேற்றுகிறார்கள். முழுக் கன்டெய்னர் எடுக்கும் அளவுக்குச் சாமான் இல்லாதவர்களுக்கு அது நியாயமான வழிதான். ஆனால் அங்கே கையில் தரப்படும் விலைச்சீட்டு பெரும்பாலும் சென்னைத் துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. மீதிக் கணக்கு இங்கே தொடங்குவது சாமான் வந்து இறங்கிய பிறகுதான் பலருக்கும் தெரிகிறது. சுங்க அனுமதித் தொழிலில் இருக்கும் நாங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அளவு. 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 33 கனமீட்டர். வீட்டுச் சாமானை அடுக்கினால் 25 முதல் 28 வரைதான் கொள்ளும். பங்கு முறையில் கட்டணம் கனமீட்டர் கணக்கில் வரும். தொழிலில் இதை சி.பி.எம். என்போம். 1 சி.பி.எம். அல்லது 1,000 கிலோ, இரண்டில் எது கூடுதலாக வருகிறதோ அதற்குக் கட்டணம். வீட்டுச் சாமானில் அநேகமாக எப்போதும் கனஅளவுதான் முந்தும். வீட்டுக்கு வந்து பார்த்து மதிப்பிடும்போது சோபாவையும் மெத்தையையும் வெறுமனே அளக்கிறார்கள். பில் போடுவதோ கிடங்கில் பொதிந்து முடித்த பிறகு எடுக்கும் வெளி அளவுக்கு. எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் உள்ள பொருளுக்குச் சுற்றிலும் 5 செ.மீ. பஞ்சணையும் அட்டையும் சேர்ந்தால் 1.33 சி.பி.எம். ஆகிவிடும். மதிப்பீடு 5 என்றிருந்து பில் 6½ என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

லிஃப்ட் வேன் எனப்படும் ஒட்டுப்பலகைப் பெட்டியில் வைத்து அனுப்பினால் இன்னொரு சிக்கல் உண்டு. வழக்கமான லிஃப்ட் வேனின் வெளி அளவு ஏறத்தாழ 5½ சி.பி.எம். உங்கள் சாமான் 6 சி.பி.எம். என்றால் இரண்டு பெட்டி தேவைப்படும். பில் 11-க்கு வரும். இரண்டாவது பெட்டியில் பாதிக்கு மேல் காலியாக இருந்தாலும் காலி இடத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். சாமானை ஒரு பெட்டிக்குள் குறைப்பதா, பெட்டியே இல்லாமல் அனுப்புவதா என்பதை அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். எங்கள் அனுபவத்தில் 13, 15 சி.பி.எம்.மைத் தாண்டினால் 20 அடி கன்டெய்னரைத் தனியாக எடுத்து வீட்டு வாசலிலேயே ஏற்றிப் பூட்டுவது செலவிலும் பெரிதாக வேறுபடாது. பாதுகாப்பில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. அதற்கு மாறாக 1 சி.பி.எம்.முக்குக் கீழே உள்ள புத்தகமும் துணியும் என்றால், விமானத்தில் கூடுதல் பெட்டிகளாகக் கொண்டுவரும் செலவை முதலில் விசாரித்துப் பாருங்கள். பங்கு முறையில் குறைந்தபட்சக் கட்டணம் எப்படியும் 1 சி.பி.எம்.முக்கு விழும்.

பாதுகாப்பில் ஏன் இவ்வளவு வேறுபாடு? தனிக் கன்டெய்னர் வீட்டில் ஒரு முறை ஏற்றப்பட்டு, இங்கே ஒரு முறை திறக்கப்படும். பங்கு முறையில் சாமான் வீட்டிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து அந்த ஊர்ச் சரக்கு நிலையத்துக்கும், அங்கிருந்து கன்டெய்னருக்கும் போகிறது. அந்தக் கன்டெய்னர் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ திறக்கப்பட்டு, சென்னைச் சரக்கு மட்டும் வேறொரு கன்டெய்னருக்கு மாற்றப்படுவதும் உண்டு. பிறகு மாதவரம், மணலி, எண்ணூர் பக்கம் உள்ள சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்குப் பெட்டக நிலையத்தில் மறுபடியும் இறக்கப்படும். ஒவ்வொரு இடத்திலும் தூக்குவது ஃபோர்க்லிஃப்ட். பேலட் எனப்படும் மரக் கட்டையில் ஏற்றிக் கட்டாத தனி அட்டைப்பெட்டிதான் முதலில் குத்துப்படும். பக்கத்தில் அடுக்கப்படுவது இன்னொரு குடும்பத்தின் சாமானாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இயந்திர உதிரிபாகம், பெயின்ட், மசாலா மூட்டை எதுவும் வரலாம். ஆகவே வீட்டுச் சாமான்களை மட்டுமே சேர்த்து அனுப்புகிறார்களா, பொதுச் சரக்கோடு கலக்கிறார்களா, வழியில் எந்தத் துறைமுகத்தில் திறக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுச் சாமான் மட்டும் சேர்ப்பவரிடம் கன்டெய்னர் நிரம்பும்வரை காத்திருக்க நேரிடும். இருந்தாலும் அந்தக் காத்திருப்பையே நாங்கள் பரிந்துரைப்போம்.

கட்டைகளைப் பற்றி ஒரு வரி. மரப் பொதிவுகள் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச நெறிப்படி, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டோ, மருந்துப்புகை இடப்பட்டோ இருக்க வேண்டும். அதற்கு அடையாளமான கோதுமைக் கதிர் முத்திரை இல்லாத கட்டை வந்தால் இங்கே புகையூட்டும் செலவும் தாமதமும் உங்கள் தலையில்தான்.

இனி இங்கே நடப்பது. பங்குக் கன்டெய்னரைச் சேர்த்து அனுப்புகிறவர் கன்சாலிடேட்டர். சரக்கை ஏற்றியதற்கான சீட்டான பில் ஆஃப் லேடிங்கில், மாஸ்டர் பில்லைக் கப்பல் நிறுவனம் அவர் பெயரில் தரும். உங்களுக்கு அவர் தருவது ஹவுஸ் பில். ஆகவே கப்பல் நிறுவனத்துக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. சென்னையில் உள்ள அவருடைய ஏஜென்ட் டி.ஓ. என்கிற டெலிவரி ஆர்டர் கொடுத்தால்தான் சாமான் வெளியே வரும். புறப்படும் ஊரில் கடும் போட்டி இருப்பதால் கன்சாலிடேட்டர்கள் கடல் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைக்கிறார்கள். சில தடங்களில் அது பூஜ்யத்துக்கும் கீழே போய், சரக்குத் தரும் ஏஜென்ட்டுக்குக் கையில் பணம் கொடுப்பதும் நடக்கிறது. அப்படி விட்ட பணத்தை மீட்கும் இடம் இறக்கும் துறைமுகம். டி.ஓ. கட்டணம், பில் ஆஃப் லேடிங் கட்டணம், டீ-கன்சாலிடேஷன் என்கிற சரக்கைப் பிரித்தெடுக்கும் கட்டணம், துறைமுக முனையக் கையாளுதல் என்று சி.பி.எம். ஒன்றுக்கு இவ்வளவு என்று வரிசையாக வரும். டாலரில் கணக்கிட்டு, வங்கி விலைக்கு மேலான தங்கள் சொந்த விலையில் ரூபாயாக்குவார்கள். அதன் மேல் ஜி.எஸ்.டி. சாமானும் பேப்பரும் அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச உங்களிடம் ஒன்றுமே இல்லை. பேரம் பேசும் நேரம் சாமான் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்புதான். "சென்னையில் உங்கள் ஏஜென்ட் யார், 5 சி.பி.எம்.முக்கு அவர் வாங்கும் மொத்தத் தொகை ரூபாயில் எவ்வளவு?" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராத நிறுவனத்துக்கு முன்பணம் தராதீர்கள். 'டோர் டெலிவரி' என்று போட்டிருந்தாலும், சுங்க வரி, சுங்கச் சோதனைக்குப் பெட்டி பிரித்துக் கட்டும் கூலி, சி.எஃப்.எஸ். வாடகை, மாடி ஏற்றும் கூலி ஆகியவை அதில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அடங்காது என்பதுதான் வழக்கம்.

சி.எஃப்.எஸ். வாடகை ஓடும் வேகம் பலரையும் நிலைகுலையச் செய்கிறது. இலவச நாட்கள் முடிந்ததும் அது நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ஏறும். பொங்கல், தீபாவளி விடுமுறை என்று நிற்காது. தாமதத்துக்குக் காரணம் அநேகமாகச் சாமானின் உரிமையாளர் ஊரில் இல்லாததுதான். பயணியோடு வராமல் தனியாக வரும் பயணச் சாமானைச் சுங்கத்தில் எடுக்க, உரிமையாளர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். குடிநுழைவு முத்திரையுள்ள அசல் பாஸ்போர்ட் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் பேக்கேஜ் விதிகள், பயணி வருவதற்கு 2 மாதம் முன்பு வரை சாமான் வந்திறங்கலாம், வந்த பிறகு அனுப்புவதானால் ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று கெடு வைத்தன. இத்தகைய கெடுவும் வரிச் சலுகை வரம்புகளும் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் வாரத்தில் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் சென்னை வரும் நாளுக்கு ஓரிரு வாரம் முன்பு நீங்கள் இங்கே இருப்பதுபோல் திட்டமிடுவதே நல்லது. செங்கடல் வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் கப்பல்கள் கூடுதலாக 10 முதல் 14 நாள் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இறக்கிய 30 நாளுக்குள் எடுக்கப்படாத சரக்கை, நோட்டீஸ் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்கச் சுங்கச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு இடம் தருகிறது.

சாமான் பட்டியலில் 'இதர பொருட்கள்' என்று ஒரு வரி இருந்தாலே போதும், எல்லாப் பெட்டியும் பிரிக்கப்படும். பெட்டிக்கு எண் போட்டு, உள்ளே இருப்பதை எழுதி, மின்சாதனங்களுக்கு சீரியல் எண்ணும் பழைய பொருளுக்கு உண்மையான மதிப்பும் குறியுங்கள். இ-சிகரெட் 2019 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. ட்ரோன், சாட்டிலைட் போன் இரண்டும் பெரிய தலைவலி. பவர் பேங்க், மின்சார ஸ்கூட்டர் பேட்டரி, முகாம் அடுப்பின் எரிவாயுக் குப்பி போன்றவற்றைச் சொல்லாமல் உள்ளே வைப்பது அதே கன்டெய்னரில் உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் ஆபத்து. ஒருவர் வைத்த தடைப்பொருளுக்காகக் கன்டெய்னர் நிறுத்தப்பட்டால் மற்றவர் சாமானும் சேர்ந்தே நிற்கும். அப்படிச் சுங்கத்துறை தடுத்து வைக்கும் சரக்குக்கு சி.எஃப்.எஸ். வாடகை வசூலிக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் சுங்கப் பகுதிச் சரக்கு கையாளுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அதிகாரியிடம் எழுத்துச் சான்று வாங்கி அதைக் கேளுங்கள். வாயால் கேட்டால் கிடைக்காது.

காப்பீட்டில்தான் ஏமாற்றம் மிக அதிகம். நீங்களே கட்டிய பெட்டிக்குள் பொருள் உடைந்தால் பெரும்பாலான பாலிசிகள் தராது. பட்டியலில் பி.பி.ஓ. என்று குறித்திருந்தால் உரிமையாளர் கட்டியது என்று பொருள். பூஞ்சணம், பூச்சி, தாமதம், வெளியே அடி எதுவும் இல்லாமல் டி.வி. வேலை செய்யாதது ஆகியவையும் வழக்கமாகச் சேராது. 'முழு இழப்பு மட்டும்' என்ற மலிவுப் பாலிசியில் பாதிப் பெட்டி காணாமல் போனால் ஒன்றும் வராது. காப்பீடே இல்லையென்றால், அமெரிக்காவிலிருந்து வரும் சரக்குக்கு அந்நாட்டுச் சட்டப்படி கப்பல்காரரின் பொறுப்பு ஒரு பொதிக்கு 500 டாலர்தான். பில் ஆஃப் லேடிங்கில் '1 கட்டை, வீட்டுச் சாமான்' என்று இருந்தால் அந்தக் கட்டை முழுவதையும் ஒரே பொதி என்று வாதிடுவார்கள். '1 கட்டையில் 42 அட்டைப்பெட்டிகள்' என்று எழுத வைப்பது இதற்காகத்தான்.

பொதுச் சராசரி என்ற கடல்சட்ட வழக்கம் வீட்டுச் சாமான்காரர்களுக்குத் தெரிவதே இல்லை. கப்பலைக் காப்பாற்ற ஆன செலவையும் இழப்பையும் அதில் சரக்கு வைத்திருந்த எல்லோரும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. உங்கள் சாமானுக்குக் கீறலே விழாவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். 2018 மார்ச்சில் அரபிக் கடலில் தீப்பிடித்த மேர்ஸ்க் ஹோனம் கப்பலில், சரக்கு மதிப்பில் மீட்புக்கு 42.5 சதவீதமும் பொதுச் சராசரிக்கு 11.5 சதவீதமும் உத்தரவாதமாகக் கேட்டார்கள். 5 லட்ச ரூபாய்ச் சாமானுக்கு அது 2 லட்சத்து 70 ஆயிரம். காப்பீடு இருந்தால் நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும். இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டும். பங்குக் கன்டெய்னரில் 15 பேர் சாமான் இருந்தால், 15 பேரும் உத்தரவாதம் கொடுத்து முடிக்கும்வரை அது நகர்வது கடினம். 2025 மே மாதம் கொச்சி அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிக் கன்டெய்னர்கள் கொல்லம் கரை வரை ஒதுங்கியதையும், அடுத்த மாதமே வான் ஹாய் 503 கேரளக் கடலில் எரிந்ததையும் பார்த்த பிறகு, காப்பீட்டை மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

பாலிசி இருந்தாலும் கெடு உண்டு. கடல் சரக்குக் காப்பீட்டின் வழக்கமான விதிகளில், கப்பலிலிருந்து இறக்கிய 60 நாளோடு பாதுகாப்பு முடிந்துவிடும். சேதத்தை சி.எஃப்.எஸ். வாசலிலேயே பார்த்துக் குறிப்பு எழுத வைக்காமல் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்துப் போட்டால் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடும். வெளியே தெரியாத சேதத்துக்குக் கப்பல்காரரிடம் எழுத்து மூலம் சொல்ல 3 நாள், வழக்குப் போட ஓராண்டு என்பதே கடல் சரக்குக்கான சர்வதேச ஹேக் விதிகளின் கெடு.

கடைசியாக, கன்சாலிடேட்டரே கைவிடும் ஆபத்து. பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வளைகுடாவிலிருந்து குடும்பத்துக்கு அனுப்பிய பெட்டிகள் 2022-இல் மணிலாக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கில் தேங்கின. அனுப்பியவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். வாங்கிக்கொண்ட ஏஜென்ட்டுகள் அங்குள்ள ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்கவில்லை. இதிலிருந்து தப்ப, கப்பல் கிளம்பியதாகச் சொல்லும் நாளிலேயே கன்டெய்னர் எண்ணையும் மாஸ்டர் பில் எண்ணையும் வாங்கிக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். எண் 4 எழுத்து, 7 இலக்கம் கொண்டது. ஒரு வாரமாகியும் எண் தராவிட்டால் சாமான் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள், நிறுவனத்துக்கு அந்நாட்டுக் கடல்வழிப் போக்குவரத்து ஆணையமான ஃபெடரல் மாரிடைம் கமிஷனின் உரிமமும் பிணைத்தொகையும் உள்ளனவா என்று அதன் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

சென்னைச் சுங்கத்துறைக்கு எங்கள் கோரிக்கை இது. மேலே சொன்ன 2009 ஒழுங்குமுறைகள், சி.எஃப்.எஸ். தன் கட்டணப் பட்டியலை எல்லோரும் காணும்படி வெளியிட வேண்டும் என்கின்றன. டி.ஓ. கொடுக்கும் கன்சாலிடேட்டர் ஏஜென்ட்டுகளை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. அவர்களும் இறக்குமதிக் கட்டணங்களை ரூபாயில், சி.பி.எம். வாரியாக, எந்தத் தேதியின் டாலர் விலையில் என்பதோடு இணையத்தில் வெளியிட வேண்டும். வெளியிட்ட தொகைக்கு மேல் வசூலித்தால் புகார் கொடுக்க ஒரு அதிகாரியையும் நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுங்க அனுமதி முகவர்கள் சிலர்,
சென்னை