நேப்பிள்ஸ் போட்டோ

அன்புள்ள தம்பிக்கு,

நீ அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவை நானும் பார்த்தேன். என் நம்பரை நீ பிளாக் செய்திருப்பதால் இதைத் தாளில் எழுதி அவளிடம் கொடுக்கிறேன். அவள் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

சமையல்காரர் கோட்டோடு கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். உனக்குப் பின்னால் இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊர், ஊருக்கு மேலே குன்றில் ஒரு கோட்டை. அம்மா உன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் கோட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு அந்தப் புத்தி போகுமா? மேப்பில் தேடினேன். சான்ட் எல்மோ என்று பேர். மேலிருந்து பார்த்தால் ஆறு முனை நட்சத்திரம் மாதிரி இருக்கிறது. அழகான கட்டுமானம். சரி, யார் கட்டியது, யார் இருந்தது என்று படித்துக்கொண்டே போனதில், அப்பாவுக்குப் பயந்து ஓடிவந்த ஒரு மகன் அங்கே ஒளிந்திருந்தான் என்று தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் பெயர் அலெக்ஸேய். ரஷ்யாவின் மகா பீட்டருக்கு மூத்த மகன், பட்டத்து இளவரசன். 1690இல் பிறந்தவன். எட்டு வயதில் அவன் அம்மா யெவ்தோக்கியாவை அப்பா சுஸ்தால் கன்னிமாடத்துக்கு அனுப்பிவிட்டார். பிள்ளையை அத்தையும் வாத்தியார்களும் வளர்த்தார்கள். அப்பா எப்போதும் போர்க்களத்திலோ கப்பல் பட்டறையிலோதான். கோடாலி பிடித்துத் தன் கையாலேயே கப்பல் கட்டிய மனிதர் அவர். பையனுக்கோ சாமி புத்தகங்களும் பாதிரிமார் பேச்சும்தான் பிடித்திருந்தன. கணக்கும் கோட்டைக் கலையும் படிக்க அவனை ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கேயே 1711இல் ஒரு ஜெர்மன் இளவரசிக்குக் கல்யாணமும் செய்துவைத்தார்.

1713இல் ஊர் திரும்பியதும் அப்பா கேட்டார்: படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? வரைந்ததைக் கொண்டுவந்து காட்டு. தன் கண் முன்னாலேயே வரையச் சொல்லிவிடுவாரோ என்று பையனுக்கு நடுக்கம். பையன் என்ன பையன், இருபத்து மூன்று வயது. இடது கையில் துப்பாக்கியை எடுத்து வலது உள்ளங்கையில் சுட்டுக்கொண்டான். குண்டு தப்பிவிட்டது, வெடிமருந்து மட்டும் கையைச் சுட்டுவிட்டது. என்ன காயம் என்று அப்பா கேட்டபோது வேறு ஏதோ சொல்லி மழுப்பினான். இதைப் பின்னால் விசாரணையில் அவனே சொன்னான்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஆறாம் வகுப்பில் ஒரு சாயங்காலம் நீ ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாய். கதவில் நசுங்கிவிட்டது என்றாய். அன்றைக்கு ஸ்கேல் போட்டு வீட்டு பிளான் வரையச் சொல்லியிருந்தேன். நானும் நம்பினேன். மறுநாள் அந்தத் துணி அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, விரலில் ஒன்றுமே இல்லை. என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பொய் சொன்னதற்கு அடித்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் கடிதங்கள். 1715 அக்டோபரில் அலெக்ஸேயின் மனைவி ஆண் குழந்தை பெற்ற பத்தாம் நாள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த அன்றைக்கே அப்பாவின் கடிதம் அவன் கைக்கு வந்தது. போர் விஷயம் உன் காதில் ஏறுவதே இல்லை, புத்தியையும் பலத்தையும் கடவுள் உனக்குக் குறைத்துத் தரவில்லை, திருந்தாவிட்டால் அழுகிய உறுப்பைப் போல உன்னை வெட்டி எறிவேன் என்று. தகுதியில்லாத சொந்தப் பிள்ளையைவிடத் தகுதியுள்ள அந்நியன் மேல் என்றும் எழுதியிருந்தார். மூன்று நாளில் பதில் போட்டான்: எனக்குப் பட்டம் வேண்டாம், சாகும்வரை சோறு மட்டும் போட்டால் போதும். பெரிய மனிதர் அதையும் ஏற்கவில்லை. திருந்து, இல்லையென்றால் துறவியாகப் போ என்றார்.

நீ மூன்றாம் வருஷத்தில் காலேஜை விட்டபோது நான் அனுப்பிய மெசேஜை இன்னும் வைத்திருக்கிறாயா? நான் அழிக்கவில்லை. பீட்டருடைய கடிதத்தைவிடச் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1716 கடைசியில் அவன் வியன்னாவுக்கு ஓடினான். பேரரசர் ஆறாம் சார்லஸ் அவனுக்குச் சகலை முறை. அவர் முதலில் திரோல் மலையில் ஒரு கோட்டையில் ஒளித்துவைத்தார், ஆட்கள் மோப்பம் பிடித்ததும் நேப்பிள்ஸுக்கு அனுப்பினார். அப்போது அந்த ஊர் அவர் ஆட்சியில்தான் இருந்தது. கோட்டைப் படம் வரையப் பயந்தவன் கடைசியில் ஒரு நட்சத்திரக் கோட்டைக்குள்தான் போய் ஒளிந்தான். கூடவே அஃப்ரோசினியா என்ற பண்ணையடிமைப் பெண்ணும் இருந்தாள், அவன் நேசித்தவள். 1717இல் சில மாதம் அங்கே இருந்தார்கள். அவன் வாழ்க்கையில் நிம்மதியான காலம் என்றால் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு டால்ஸ்டாய் என்ற கிழட்டு ராஜதந்திரி அப்பாவின் கடிதத்தோடு வந்தார். திரும்பி வா, தண்டனை கிடையாது, கடவுள்மேல் ஆணை என்று அதில் எழுதியிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு கிராமத்தில் இருந்துவிடலாம் என்று நம்பிப் போனான். மாஸ்கோவில் இறங்கியதும் மன்னிப்போடு ஒரு நிபந்தனை சேர்ந்துகொண்டது: யார் யார் உதவினார்கள், எல்லோரையும் சொல். சொன்னான். அவர்களில் பலரைக் கொடூரமாகக் கொன்றார்கள். அவனுக்கு எதிராக அஃப்ரோசினியாவே சாட்சி சொன்னாள். 1718 ஜூனில் சாட்டையடி, முதலில் 25, அப்புறம் 15. 127 பேர் கையெழுத்துப் போட்டு மரண தண்டனை விதித்தார்கள். இரண்டு நாளில் பீட்டர்ஸ்பர்க் கோட்டைச் சிறையிலேயே செத்துப்போனான். 28 வயது. மறுநாள், ஸ்வீடனைப் பொல்தாவா போரில் அப்பா ஜெயித்த நாள். அந்தக் கொண்டாட்டத்தை அவர் நிறுத்தவில்லை.

அவன் உத்தமன் ஒன்றும் இல்லை. குடிப்பான், அப்பா சாக வேண்டும் என்று நினைத்ததாகப் பாவமன்னிப்பில் சொல்லியிருக்கிறான். நீயும் என்னைப் பற்றி அப்படி நினைத்திருந்தால் எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கும்.

பீட்டர் ஆசையாக வாரிசு என்று அறிவித்த, இரண்டாம் மனைவிக்குப் பிறந்த சின்னப் பிள்ளை மறு வருஷமே இறந்துவிட்டது. 1725இல் அவரும் வாரிசைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்துப் பட்டத்துக்கு வந்தது யார் தெரியுமா? அலெக்ஸேயின் மகன்தான். அவனும் பதினான்கு வயதில் அம்மை கண்டு போனான். கன்னிமாடத்துக்கு அனுப்பப்பட்டாளே யெவ்தோக்கியா, அவள் புருஷன், மகன், பேரன் மூவரும் போனபிறகும் உயிரோடு இருந்தாள். உன் அம்மாவிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை.

உன் டிராயிங் போர்டு மேல் அம்மா இப்போது வடகம் காயப்போடுகிறாள். அதற்குச் சரியான அளவு.

காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. திரும்பக் காலேஜ், வேறு வேலை என்று எதுவும் பேசமாட்டேன். பீட்டரும் இப்படித்தான் எழுதினார், அதனால் நீ என்னை நம்ப வேண்டாம். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள். அவள் வா என்றால் வா. பஸ் ஸ்டாண்டுக்கு யார் வரட்டும் என்பதையும் அவளிடமே சொல்லிவிடு.

அப்பா