அம்மிணிக்கு, மூன்றாம் அதிகாரம் பற்றி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் தீசிஸின் மூன்றாம் அதிகாரத்தை ரெண்டு தடவை வாசித்தேன். "நீ போராட்டக்காரியா, ஆராய்ச்சிக்காரியா, முடிவு செய்" என்று கைடு சொல்கிறார், "தீசிஸ் எழுதி யாருக்கு என்ன லாபம்" என்று போராட்டப் பந்தலில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தாய். ரெண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி வை. எனக்கு உறுத்துவது பாலக்காட்டு கோகோ கோலா ஆலையைப் பற்றிய உன் ஒரே வரிதான்: "மக்கள் போராட்டம் பிளாச்சிமடை ஆலையை மூடியது." கோஷம் போட நல்ல வரி. வைவாவில், தேர்வாளர்கள் நேரில் கேள்வி கேட்கும்போது, பத்து நிமிஷம் தாங்காது.

தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார். 2000-ல் லைசென்ஸ் கொடுத்ததே பெருமாட்டி பஞ்சாயத்துதான். 2002 ஏப்ரல் 22-ல் ஆலை கேட்டுக்கு எதிரே சமரம், அதாவது போராட்டம், தொடங்கியது. 2003 ஏப்ரலில் அதே பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்றது. டிசம்பரில் ஹைகோர்ட் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தார். 2004 பிப்ரவரியில் வறட்சியைச் சொல்லி அரசு தண்ணீர் எடுக்கத் தடை போட்டது, மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2005 ஏப்ரலில் அதே ஹைகோர்ட்டின் டிவிஷன் பெஞ்ச் (ரெண்டு நீதிபதி அமர்வு) நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னது. அதற்குப் பிறகும் ஆலை பழையபடி ஓடவில்லை.

இதில் எது மூடியது? ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு யோசி. மழை தவறாமல் பெய்திருந்தால் பிப்ரவரி உத்தரவு வந்திருக்குமா? பந்தல் இல்லாமல் இருந்தால் லைசென்ஸ் கொடுத்த பஞ்சாயத்து மூன்றே வருஷத்தில் மாறியிருக்குமா? என் கணக்கில், சமரம் நேரடியாக கேட்டை மூடவில்லை. பஞ்சாயத்தைத் திருப்பியது. 2005-ல் கோர்ட்டே அனுமதித்த பிறகும் ஆலையைத் திறக்கவிடாமல் வைத்தது. உன் வரியைவிட இது பெரிய வாதம், ஆனால் நீ எழுதியதில் இதற்கு ஆதாரம் ஒன்றுகூட இல்லை. பஞ்சாயத்து ஏன் மாறியது என்று ஒரு பத்தியாவது வேண்டாமா?

அதற்கு ஆர்.டி.ஐ., தகவல் உரிமைச் சட்ட மனு, போடு. பஞ்சாயத்தின் தகவல் அதிகாரி பெயருக்கு மனு, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். "ஏன் முடிவை மாற்றினீர்கள்" என்று கேட்காதே, "அப்படியொரு தகவல் இல்லை" என்று பதில் வரும். ஆவணத்தைக் கேள்: 2000 ஜனவரியிலும் 2003 ஏப்ரலிலும் நடந்த கமிட்டிக் கூட்டங்களின் மினிட்ஸ் நகல், வந்த உறுப்பினர் பட்டியல், மாற்றுக் கருத்து பதிவாகியிருந்தால் அதுவும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் அப்பீல். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வை, பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சமரத்தை முன்நின்று நடத்திய ஆதிவாசிப் பெண் மயிலம்மாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், நியாயம்தான். ஆலையில் வேலை பார்த்தவர்கள் எங்கே? ஆலைக் கழிவை உரம் என்று வாங்கி வயலில் போட்ட விவசாயிகள் எங்கே? கோஷத்துக்கு இவர்கள் இடைஞ்சல். உனக்கு இவர்கள் இல்லாவிட்டால் அதிகாரமே அரைகுறை.

கூட்டக் கணக்கு. நோட்டீஸில் "ஆயிரக்கணக்கில்" என்று இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய். டேப் பிடித்து பந்தலை அள. 60-க்கு 30 அடி என்றால் 1800 சதுர அடி. விட்டுவிட்டு நின்றால் ஆளுக்கு 10 சதுர அடி, 180 பேர். நெருக்கியடித்தால் நாலரை, 400 பேர். எப்படித் திணித்தாலும் ஆயிரக்கணக்கில் அந்தப் பந்தல் கொள்ளாது. தலைவர் வரும் நாளில் எண்ணாதே, ஒன்றும் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் எண்ணு. அன்றைக்குப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், அந்தப் பன்னிரண்டு பேர்தான் உன் ஆராய்ச்சி.

பந்தல் பக்கமே போகாமல் காகிதத்தை மட்டும் வைத்து ஆராய்பவர்களும் ஏமாந்துதான் போவார்கள். மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பெண்கள், யூனியன் தலைவர்களை ஓரம்கட்டிவிட்டு உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்களே, யூனியன் மெம்பர்ஷிப் ரெஜிஸ்டரை வைத்து ஆராய்ச்சி செய்தவர் யாருக்கும் அது வருவது தெரிந்திருக்காது.

நோட்டு ரெண்டு வை. ஒன்றில் கண்டதும் கேட்டதும்: தேதி, நேரம், நீ நின்ற இடம், சொன்னவர் வார்த்தை அப்படியே, தமிழோ மலையாளமோ கலந்தோ. இன்னொன்றில் உன் கோபம், உன் ஊகம். ரெண்டும் ஒரே நோட்டில் இருந்தால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று உனக்கே தெரியாது. பெயரை மாற்றிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதே. "காலனியின் அங்கன்வாடி டீச்சர்" என்று எழுதியிருக்கிறாய், அங்கே இருப்பதே ஒரு டீச்சர். வேலையை எடுத்துவிடு, வயதை மட்டும் வை, அதையும் அவரிடம் வாசித்துக் காட்டிக் கேட்டுவிட்டு வை. நிஜப்பெயர்ப் பட்டியல் போனில் வேண்டாம், காகிதத்தில் வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஓணம் லீவுக்கு வரும்போது 2005 தீர்ப்பின் முழு நகலைக் கொண்டு வா, பத்திரிகைச் செய்தி போதாது. 50 அடி டேப் இங்கே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா